ஐடிலில் 0.9 வோல்ட்: பேட்டரியைக் குடிப்பது அதுதானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்களும் உங்கள் நண்பரும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு, ஒரே மாடல் லேப்டாப்பைக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வாங்கியிருக்கிறீர்கள். எதுவும் செய்யாமல் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருக்கும்போது, அதாவது ஐடிலில், உங்களுடையதில் பிராசசர் வோல்டேஜ் 0.9 என்று காட்டுகிறது, அவருடையதில் 0.65. நூலகத்தில் உட்கார்ந்து படித்தால் உங்களுக்கு நாலு மணி நேரம் பேட்டரி வருகிறது, அவருக்கு ஆறரை. அப்படியானால் எனக்கு வந்த சிப் மட்டமானதா, அண்டர்வோல்ட் செய்தால் (பிராசசருக்குப் போகும் வோல்டேஜை வேண்டுமென்றே குறைத்தால்) சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்த வோல்டேஜ் எண் கூடுதலாக இருந்தால் மின்செலவும் கூடுதலா? சும்மா இருக்கும் நேரத்தில் லேப்டாப்பின் செலவை எது தீர்மானிக்கிறது? முதலாவதற்குப் பதில், அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது. இரண்டாவதற்குப் பதில் சற்று நீளம். அதில் வோல்டேஜுக்கு நீங்கள் நினைக்கும் அளவுக்கு இடமில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பிராசசர் வடிவமைப்பவன் இல்லை. மதர்போர்டில் பிராசசருக்கு மின்சாரம் ஊட்டும் வோல்டேஜ் ரெகுலேட்டர் பகுதியை வடிவமைப்பதும் சோதிப்பதும் என் பிழைப்பு. அதனால் சிப்பின் வாசல் வரை நடப்பதை அளந்து பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். உள்ளே நடப்பதைத் தயாரிப்பாளர்கள் வெளியிட்ட ஆவணங்கள் எவ்வளவு சொல்கின்றனவோ அவ்வளவுதான். உங்கள் மாடல் எது என்று எழுதவில்லை, ஆகவே சில இடங்களில் 'அளந்து பாருங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

எல்லாரும் சொல்லும் சூத்திரத்திலிருந்து ஆரம்பிப்போம். ஓடிக்கொண்டிருக்கும் சிப்பின் மின்செலவு, வோல்டேஜின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். வோல்டேஜில் 10 விழுக்காடு குறைத்தால் இந்தச் செலவில் 19 விழுக்காடு குறையும். இது வெறும் தியரி இல்லை. 2003இல் வந்த இன்டெல் பென்டியம் எம் பிராசசரில் 1.6 கிகாஹெர்ட்ஸ் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் அதற்கு 1.484 வோல்ட், வேகம் 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது 0.956 வோல்ட். இன்டெல் ஆவணம் அதற்குக் கொடுத்த வெப்ப அளவு மேலே 24.5 வாட், கீழே 6 வாட். வேகம் மட்டும் குறைந்து வோல்டேஜ் அப்படியே இருந்திருந்தால் 9 வாட்டுக்குக் கீழே போயிருக்காது. அதே சமயம், சூத்திரத்தை மட்டும் நம்பினால் 4 வாட்டுக்குள் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கசிவு மின்னோட்டம் என்பது என் கணிப்பு. சிப்புக்குள் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டர் எந்த வேலையும் செய்யாவிட்டாலும், வோல்டேஜ் கொடுத்து வைத்திருக்கும் வரை கொஞ்சம் கசியும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும்.

சரி, இந்தக் கணக்கெல்லாம் பிராசசர் ஓடும்போது. அந்தக் காலத்தில் ஐடில் என்றாலே பெரும்பாலும் மெதுவாக ஓடுவது என்றுதான் பேசுவார்கள். இன்றைய சிப்புக்கு ஐடில் என்றால் ஓடாமல் இருப்பது. பிராசசருக்குள் கணக்குப் போடும் தனித்தனி அலகுகள்தான் கோர்கள். வேலை இல்லாத கோர் ஒவ்வொன்றையும் ஆபரேட்டிங் சிஸ்டம் தூங்க அனுப்பும். அந்தத் தூக்கத்துக்குப் படிநிலைகள் உண்டு. சி1 என்றால் கடிகாரம் மட்டும் நிற்கும். சி6 என்றால் கோர் தன் நிலையைத் தனி நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தையே துண்டித்துக்கொள்ளும். இன்டெலில் இப்படி ஒவ்வொரு கோருக்கும் தனி மின்வாசல் வைத்துத் துண்டிப்பது 2008இல் நெஹேலம் தலைமுறையோடு வந்தது. 2013இல் ஹாஸ்வெல்லின் மெல்லிய லேப்டாப் சிப்களில் சி8 முதல் சி10 வரை இன்னும் ஆழமான நிலைகள் சேர்ந்தன. இவை கோர் மட்டுமில்லாமல் சிப் முழுவதும் அடங்கும் நிலைகள். சி1இலிருந்து எழ ஓரிரு மைக்ரோசெகண்ட் போதும். ஸ்கைலேக் தலைமுறைக்கு லினக்ஸ் வைத்திருக்கும் கணக்குப்படி சி6இலிருந்து எழ 85 மைக்ரோசெகண்ட், சி10இலிருந்து எழ 890. ஆழமாகத் தூங்கினால் எழுந்திருக்க நேரமாகும் என்பதால், அடிக்கடி யாராவது கூப்பிடும் வீட்டில் அது ஆழத் தூங்கவே போகாது.

வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் இதைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, கோருக்குப் போகும் மின்பாதையில் இருக்கும் கெப்பாசிட்டர் ஒன்றில் புரோபை வைக்கிறோம். நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தில், டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கும்போது, கோடு பெரும்பாலான நேரம் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். திடீரென 0.7, 0.8 வோல்ட்டுக்கு எழும், ஒரு மில்லிசெகண்டோ அதைவிடக் குறைவாகவோ அங்கே நிற்கும், மறுபடி விழும். மவுசை நகர்த்தினால் எழுச்சிகள் நெருக்கமாக வரும். விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும் இணையப் பக்கத்தைத் திறந்துவிட்டால் கோடு மேலேயே நின்றுவிடும். இந்தப் படத்தில் 'ஐடில் வோல்டேஜ் எவ்வளவு' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எழும்போது 0.8, விழுந்து கிடக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் விழுந்து கிடக்கிறது என்பதில்தான் உங்கள் பேட்டரி இருக்கிறது.

அப்படியானால் உங்கள் மென்பொருள் காட்டும் 0.9 எங்கிருந்து வருகிறது? இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பெரும்பாலான கண்காணிப்பு மென்பொருள்கள் காட்டுவது அளந்த வோல்டேஜ் இல்லை. 'இந்த வேகத்தில் ஓட எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று பிராசசர் ரெகுலேட்டரிடம் கேட்கும் எண், அதைத்தான் விஐடி என்பார்கள். கேட்டது ஒன்று, போர்டில் உண்மையில் வந்து சேர்வது ஒன்று. இன்னொன்று, அந்த எண்ணைப் படிக்க மென்பொருள் கோரை எழுப்பியாக வேண்டும். 'தூங்கிவிட்டாயா?' என்று தோளைத் தட்டிக் கேட்பது போலத்தான். கேட்ட நொடியில் அது விழித்திருக்கும், விழித்திருக்கும் நேரத்து எண்ணைத்தான் சொல்லும். உங்கள் மென்பொருள் அரை நொடிக்கு ஒரு முறை கேட்கிறதா, நண்பருடையது இரண்டு நொடிக்கு ஒரு முறையா என்பதில்கூட எண் மாறிப்போகும்.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு 0.9, 0.65 இரண்டுமே நிஜம் என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் சிப் மட்டம் என்று ஆகிவிடாது. ஒரே வேஃபரில் (சிப்களை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டில்) அருகருகே பிறந்த சிப்கள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்து, எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்ட் தேவை என்ற அட்டவணையை அதனதன் உள்ளேயே எழுதிவிடுவார்கள். பொதுவாக, வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் கொண்ட சிப்புக்கு வோல்டேஜ் குறைவாகவே போதும். ஆனால் அதே டிரான்சிஸ்டர்கள்தான் அதிகம் கசியும். நிதானமான சிப்புக்கு வோல்டேஜ் கூடுதலாக வேண்டும், கசிவோ குறைவு. ஆக 0.65 கேட்கும் சிப்பைவிட 0.9 கேட்கும் சிப் சும்மா இருக்கும்போது குறைவாகச் செலவழிப்பதும் நடக்கக்கூடியதுதான். வோல்டேஜை மட்டும் பார்த்து 'கோல்டன் சிப்' என்று கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால்தான் வாட், ஆம்பியரை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதில்லை.

இப்போது உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடுவோம். பேட்டரி 50 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம், இந்த ரக லேப்டாப்புக்கு அது வழக்கமான அளவு. நாலு மணி நேரம் என்றால் சராசரி 12.5 வாட். நண்பருக்கு ஆறரை மணி நேரம், 7.7 வாட். வித்தியாசம் ஏறக்குறைய 5 வாட். ஒழுங்காகத் தூங்கும் ஒரு லேப்டாப் பிராசசர், சிப் மொத்தமும் சேர்த்து, ஐடிலில் 1 வாட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் எடுக்கும். அதில் கோர்களின் பங்கு 0.3 வாட் என்று தாராளமாகவே கொடுங்கள். வோல்டேஜை 10 விழுக்காடு குறைத்தால் மிச்சம் 0.06 வாட். உங்கள் நாலு மணி நேரம், நாலு மணி ஒரு நிமிடம் ஆகும். பிராசசரையே பிடுங்கிப் போட்டாலும் அந்த 5 வாட் திரும்பி வராது. அது வேறெங்கோ போகிறது, அல்லது பிராசசர் தூங்கவே விடப்படவில்லை.

தேட ஆரம்பிக்கும் முன் பேட்டரியையே ஒரு தரம் சந்தேகப்படுங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதில் வடிவமைப்புக் கொள்ளளவும், இப்போது முழுசாகச் சார்ஜ் ஏறினால் இருக்கும் கொள்ளளவும் அருகருகே வரும். 50 என்று பிறந்தது 38 ஆகியிருந்தால் உங்கள் நாலு மணி நேரம் 9.5 வாட்தான், 12.5 இல்லை. நண்பரோடு உள்ள வித்தியாசத்தில் பாதிக்குமேல் அங்கேயே கரைந்துவிடும். நம் சிங்கப்பூரில் இது அடிக்கடி நடப்பது. லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காதவை இரண்டு, சூடும் நூறு விழுக்காடு சார்ஜும். ஏர்கான் போடாத வீவக அறையில், பிற்பகல் 31 டிகிரியில், சார்ஜரை மாட்டியபடியே மாதக்கணக்கில் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டும். பல லேப்டாப்களில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. மேசையிலேயே அதிகம் பயன்படுத்துகிறவர் என்றால் அதைப் போட்டு வையுங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்றால், என் முதல் சந்தேகம் தனி கிராஃபிக்ஸ் சிப் மேல். உங்கள் மாடலில் அது இருந்தால் மட்டும். வேலை இல்லாதபோது அது முழுக்க அணைந்திருக்க வேண்டும். அணையாமல் விழித்துக்கொண்டு சும்மா இருந்தாலே 5 முதல் 10 வாட் வரை எடுக்கும். உங்கள் வித்தியாசத்தோடு பொருந்தும் தொகை. அதை எழுப்புவது பெரும்பாலும் அற்பக் காரணமாக இருக்கும். கீபோர்டு விளக்கு மாற்றும் மென்பொருள், வால்பேப்பர் அசைய வைக்கும் மென்பொருள், ஏன், நீங்கள் வோல்டேஜ் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் அதே கண்காணிப்பு மென்பொருளும்தான். கிராஃபிக்ஸ் சிப்பின் வெப்பநிலை எவ்வளவு என்று அது விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சிப்புக்கு எப்படித் தூக்கம் வரும்? கேமிங் லேப்டாப் பலவற்றில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனி கிராஃபிக்ஸுக்கே போகிறது. வெளி மானிட்டரை மாட்டி வைத்திருக்கும் வரை அது அணையாது, கேபிளைப் பிடுங்கியதும் பேட்டரியிலிருந்து போகும் வாட் சில நொடிகளில் சரேலென்று இறங்குவதை நீங்களே பார்க்கலாம்.

இரண்டாவது சந்தேகம், சிப் முழுவதும் ஆழ்ந்து தூங்குவதை ஏதோ ஒரு சாதனம் தடுக்கிறது என்பது. கோர்கள் எல்லாம் சி6க்குப் போய்விட்டாலும், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்), வைஃபை கார்டு, கார்டு ரீடர் இவற்றில் ஒன்று தன் இணைப்பை முழிப்பிலேயே வைத்திருந்தால் சிப்பின் மற்றப் பகுதிகள் அடங்க முடியாது. சிம் லிம் ஸ்குவேரில் மலிவாகக் கிடைத்ததென்று எஸ்எஸ்டியை மாற்றினீர்களா? கேள்வியில் சொல்லவில்லை, ஆனால் இப்படிப்பட்ட புகார்களில் நான் முதலில் கேட்பது அதைத்தான். எஸ்எஸ்டி நல்லதாகவே இருக்கலாம், வேகமாகவும் இருக்கலாம். அதன் மின்சேமிப்பு நிலைகளும் அந்த லேப்டாப்பின் ஃபர்ம்வேரும் (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளும்) ஒத்துப்போகாவிட்டால் இரண்டு மூன்று வாட் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். மவுசுக்கான யூஎஸ்பி ரிசீவர், சொருகியே விட்ட பென்டிரைவ் இவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

திரை, பின்னணி மென்பொருள் இரண்டையும் எல்லாரும் சொல்வார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14 அங்குலத் திரை நடுத்தர வெளிச்சத்தில் 2 முதல் 4 வாட் வரை எடுக்கும், அதாவது தூங்கும் பிராசசரைப்போல் சில மடங்கு. 144 ஹெர்ட்ஸில் ஓடும் திரையை 60க்கு இறக்கினாலே மின்செலவில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வரும். பின்னணியில் கோப்புகளை ஒத்திசைக்கும் மென்பொருள், திறந்தே கிடக்கும் முப்பது பிரவுசர் டேப் இவை பிராசசரைத் திரும்பத் திரும்ப எழுப்பும். விண்டோஸ் தன் போக்கில் விட்டால் நொடிக்கு 64 முறை கடிகாரத் துடிப்பு வைத்துக்கொள்ளும். சில மென்பொருள்கள் அதை ஆயிரமாக்கச் சொல்லிக் கேட்கும். 890 மைக்ரோசெகண்ட் எடுத்து எழும் நிலைக்கு, மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எழுப்பும் இயந்திரத்தில் இடமே இல்லை.

இனி என் தொழில் பக்கம். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிராசசர் 1 வாட் எடுக்கிறது என்றால் பேட்டரியிலிருந்து 1 வாட்தான் போகிறது என்று நினைக்காதீர்கள். கோருக்கு ஒரு வோல்ட் அளவில் பல பத்து ஆம்பியர் தருவதற்காக வடிவமைத்த ரெகுலேட்டர் அது. நடுத்தர லோடில் (வேலைச் சுமையில்) 90 விழுக்காட்டை ஒட்டிய திறனோடு ஓடும். அதனிடம் வெறும் அரை ஆம்பியர் கேட்டால், தன் டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடுவதற்கே அது கணிசமாகச் செலவழிக்கும், திறன் 60, 70 என்று இறங்கும். இதைச் சமாளிக்க நாங்கள் சில வித்தைகள் வைத்திருக்கிறோம். நாலு ஃபேஸ் (சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் இணைப் பிரிவுகள்) கொண்ட ரெகுலேட்டரில் மூன்றை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டுவது, அதையும் தேவைப்படும்போது மட்டும் துடிக்க வைப்பது. எப்போது எந்த நிலைக்குப் போகலாம் என்று பிராசசர் ரெகுலேட்டருக்குச் செய்தி அனுப்பும். அந்த நிலைகளை எங்கே மாற்ற வேண்டும் என்ற எல்லைக்கோடுகள் போர்டின் ஃபர்ம்வேரில் இருக்கும். ஐடிலில் எல்லா ஃபேஸும் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஒரு அமைப்பு தவறிப்போனால் அரை வாட், ஒரு வாட் சும்மா போகும், வோல்டேஜ் எண்ணில் அது தெரியவே தெரியாது. ஆகவே நீங்களும் நண்பரும் அந்த ஃபர்ம்வேரின், அதாவது பயாஸின், பதிப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். போர்டு ஒன்றேயானாலும் ஃபர்ம்வேர் வேறு என்றால் ஐடில் செலவும் வேறாகலாம். உங்கள் விஷயத்தில் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை, 5 வாட் அளவுக்கு இது தனியாகப் போகாது. ஆனால் சரிபார்க்கச் செலவில்லாத இடம்.

அண்டர்வோல்ட் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு உரிய இடம் லோடு. வீடியோ எடிட் செய்கிறீர்கள், புரோகிராம் கம்பைல் செய்கிறீர்கள், பிராசசர் 28 வாட்டில் நிற்கிறது என்றால், 10 விழுக்காடு வோல்டேஜ் குறைவு ஏறக்குறைய 5 வாட் வெப்பத்தைக் குறைக்கும், அல்லது அதே வெப்பத்தில் வேகம் கூடும். மின்விசிறிச் சத்தம் குறையும். ஏர்கான் இல்லாத அறையில் இதன் அருமை தெரியும். வெளியே 23 டிகிரி இருப்பதற்கும் 31 இருப்பதற்கும் உள்ள எட்டு டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே சிப்பின் வெப்பநிலையில் வந்து ஏறும், அதனோடு கசிவும் ஏறும். பேட்டரி நேரமும் கொஞ்சம் கூடும்தான், நீங்கள் பேட்டரியில் கடினமான வேலை செய்கிறவராக இருந்தால்.

ஆனால் செய்ய முடியுமா என்பது வேறு விஷயம். 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதலை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மென்பொருள் வழியாகவே வோல்டேஜைச் சரியான நொடியில் குறைத்து, இன்டெல் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதி பெருக்கலைத் தப்பாகப் போடும்படி செய்து, அதிலிருந்து ரகசியச் சாவியை எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த பயாஸ் அப்டேட்கள் பல லேப்டாப்களில் அந்த வழியைப் பூட்டிவிட்டன. மென்பொருளில் ஸ்லைடரை இழுத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பூட்டைத் திறக்கப் பழைய பயாஸுக்குத் திரும்பச் சொல்லும் காணொளிகள் நிறைய உண்டு. அந்த ஒரு நிமிடப் பேட்டரி நேரத்துக்காக நான் அதைச் செய்ய மாட்டேன். ஏஎம்டி ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வேறு முறை, அதுவும் எல்லா லேப்டாப்பிலும் திறந்திருப்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கை, இது ஐடிலோடு நேராகத் தொடர்புள்ளது. அண்டர்வோல்ட் செய்தவர்கள் ஒரு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டிவிட்டு, 'கல்லு மாதிரி நிக்குது' என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் இரவில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டுப் போன இயந்திரம் காலையில் ரீஸ்டார்ட் ஆகி நிற்கும். காரணம் எளிது. 1.1 வோல்ட்டில் 100 மில்லிவோல்ட் கழிப்பதும் 0.65 வோல்ட்டில் அதே 100 கழிப்பதும் ஒன்றில்லை. கீழே ஏற்கெனவே விளிம்பு மெலிது. அதோடு, தூக்கத்திலிருந்து எழும் கணத்தில் மின்னோட்டம் திடீரெனத் தாவும், வோல்டேஜ் ஒரு நொடிப்பொழுது சரியும். ஸ்கோப்பில் அந்தச் சரிவைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், முழு லோடில் சமமாக நிற்கும் கோட்டைவிட, ஐடிலில் எழுந்து விழும் கோடுதான் எங்களுக்குத் தலைவலி.

2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் நிலையின்றிப் போன செய்தியைப் படித்துவிட்டு 0.9ஐப் பார்த்துப் பயந்தீர்களோ என்று ஒரு சந்தேகம். அந்த விவகாரத்தில், ஐடிலிலும் லேசான வேலையிலும் சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதும் ஒரு காரணம் என்று இன்டெலே சொல்லி, அதற்கு மைக்ரோகோட் (சிப்புக்குள் ஏற்றும் உள்மென்பொருள்) திருத்தமும் வெளியிட்டது. அது டெஸ்க்டாப் சிப்களின் கதை, லேப்டாப் சிப்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்றும் அதே நிறுவனம் அறிவித்தது. அங்கே பேசப்பட்டதும் 1.4, 1.5 வோல்ட் அளவில். உங்கள் 0.9 அந்தப் பக்கமே போகவில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? கண்காணிப்பு மென்பொருளில் வோல்டேஜ் வரியை மறைத்துவிட்டு இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். ஒன்று, பேட்டரியிலிருந்து வெளியேறும் வாட். மற்றது, சிப் மொத்தமாக ஆழ்ந்த நிலையில் எத்தனை விழுக்காடு நேரம் இருக்கிறது என்பது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, இரண்டு லேப்டாப்பையும் ஒரே மேசையில் வைத்து, திரை வெளிச்சத்தைக் கண்ணால் ஒரே அளவாக்கி, வைஃபை போட்டபடி, எல்லாவற்றையும் மூடிவிட்டு, பத்து நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். ஆழ்ந்த தூக்கம் நண்பருடையதில் 80 விழுக்காடும் உங்களுடையதில் பூஜ்யமும் என்றால் ஏதோ சாதனம் தடுக்கிறது. ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். தூக்கம் இரண்டிலும் ஒன்றேதான், வாட் மட்டும் கூடுதல் என்றால் கிராஃபிக்ஸ் அல்லது திரை. மென்பொருளை நம்பப் பிடிக்கவில்லையா, சார்ஜ் நூறு ஆன பிறகு யூஎஸ்பி-சி கேபிளுக்கு நடுவில் மாட்டும் சிறிய வாட் மீட்டர் ஒன்று போதும். லேப்டாப் மொத்தமாக எவ்வளவு இழுக்கிறது என்று அது காட்டிவிடும், யாரையும் எழுப்பாமல்.

பவர் அமைப்பில் அதிகபட்ச பிராசசர் நிலையை 99 விழுக்காடாக்கச் சொல்லும் பழைய குறிப்பையும் கேட்டிருப்பீர்கள். அது டர்போவை, அதாவது வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றிக்கொள்ளும் வசதியை, அணைக்கும், டர்போதான் வோல்டேஜை உச்சிக்குக் கொண்டுபோவது, ஆகவே வேலை செய்யும்போது சேமிப்பு உண்டு. ஐடிலுக்கு அதனால் ஒன்றுமில்லை. வேகத்தை மிகவும் கீழே இறக்குவதும் உதவாது. ஓர் அளவுக்குக் கீழே வேகம் குறைந்தாலும் வோல்டேஜ் குறையாது. வேலை முடிய நேரம் இழுக்கும், அதுவரை சிப் முழுவதும் விழித்திருந்து கசியும். சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப் போவதே பெரும்பாலும் லாபம். எங்கே அந்தச் சமநிலை என்பது மாடலுக்கு மாடல் வேறு. என் சொந்த லேப்டாப்பில் டர்போவை பேட்டரியில் மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டில் சார்ஜரிலேயே பயன்படுத்தும் நேரத்துக்கு இதெல்லாம் மெனக்கெட வேண்டாம். 5 வாட் கூடுதலாக, வருடம் முழுவதும் இருபத்து நாலு மணி நேரமும் ஓடினாலும் 44 யூனிட்டுக்குள். யூனிட் 30 காசு என்று வைத்தால் 13 வெள்ளி. பரீட்சை நேரத்தில் நூலகத்தில் பிளக் பாயிண்ட் உள்ள இடத்துக்கு அடித்துக்கொள்வதைத் தவிர்ப்பதுதான் உங்களுக்கு இதில் கிடைக்கும் உண்மையான லாபம். மேலே சொன்ன இரண்டு எண்களையும், பேட்டரி ரிப்போர்ட்டின் இரண்டு கொள்ளளவுகளையும், மாடல் பெயரோடு எழுதுங்கள். தனி கிராஃபிக்ஸ் இருக்கிறதா, எஸ்எஸ்டி மாற்றியதா என்பதையும் சேர்த்துவிடுங்கள், அடுத்து எங்கே தேடலாம் என்று பார்க்கலாம்.